ரியூட்டோரியல் பார்க்கேக்க ஓடுது, மூடினாப் பிறகு கை ஓடேல்லை: கிளித்தட்டு கேம் ஒண்டு செய்ய எதிலை தொடங்கிறது?

கொக்குவில்_பெடியன்

அண்ணைமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். ஏ/எல் றிசல்ட் வரும்வரைக்கும் கேம் செய்யிறது பழகுவம் எண்டு யூனிற்றி 6 எண்ட கேம் செய்யிற சொஃப்ட்வெயாரைப் போட்டு, யூரியூப் தொடர் ஒண்டைப் பார்த்துப் பார்த்துச் செய்யிறன். நிக்கிற இடங்கள் இவைதான்.

வீடியோவிலை சொல்லுற மாதிரியே அட்சரம் பிசகாமல் அடிச்சாலும் இன்புட் எண்டு ஒரு சிவப்பு எரர் வருது. ஆள் அசையிறதில்லை. அசெற் ஸ்ரோரிலை எடுத்த இலவச மரம், வீடெல்லாம் ரோசா நிறத்திலை நிக்குது. சில மெனுக்கள் வீடியோவிலை இருக்கு, எனக்கு இல்லை. எல்லாத்தையும் விடப் பெரிய பிரச்சினை: பார்த்துச் செய்யேக்க எல்லாம் விளங்கின மாதிரி இருக்கு, வெறும் புரொஜெக்ற் ஒண்டைத் திறந்தால் முதல் வரி என்ன எண்டே வருகுதில்லை.

லப்டொப்: ஐ5 மூண்டாம் ஜெனரேசன், ராம் 8 ஜிபி, எஸ்எஸ்டி இல்லை, இன்ரெல் எச்டி 4000 கிராஃபிக்ஸ், விண்டோஸ் 10. கடைசியிலை செய்ய நினைக்கிறது மேலையிருந்து பார்க்கிற மாதிரி ஒரு கிளித்தட்டு, கோடுகளிலை நிண்டு மறிக்கிறவை தொடாமல் ஓடிக் கடக்கிற விளையாட்டு. 2டி காணும். இதே வழியிலை போகவோ, சொஃப்ட்வெயாரை மாத்தவோ?

---

சுன்னாகச்_சந்தி

தம்பி, முதல் மூண்டுக்கும் காரணம் ஒண்டுதான்: வீடியோ ஒரு வேர்சன், நீங்கள் வேற வேர்சன். உங்களிலை பிழை இல்லை.

இன்புட் எரர்: பழைய வீடியோக்கள் எல்லாம் 'இன்புட் டொட் கெற்ஆக்சிஸ்' எண்டு பழைய முறையிலை விசையை வாசிக்கும். இப்ப வாற யூனிற்றி 6 புரொஜெக்ற்றுகள் புது இன்புட் சிஸ்ரத்தோடை திறக்கும். அதுக்குப் பழைய கட்டளை தெரியாது. எடிற் மெனு, புரொஜெக்ற் செற்றிங்ஸ், பிளேயர், அதிலை 'அதர் செற்றிங்ஸ்' எண்டதை விரிச்சு 'அக்ரிவ் இன்புட் ஹாண்ட்லிங்' எண்ட இடத்திலை 'போத்' எண்டு மாத்துங்கோ. எடிற்றர் தானே ஒருக்கா மூடித் திறக்கும். பழகிற காலத்துக்கு அது காணும்.

ரோசா நிறம்: அந்த மரத்தின்ர மெற்றீரியல் (மேற்பரப்பின்ர நிறம், தோற்றம்) பழைய பில்ற்-இன் ரெண்டரருக்கு (படத்தைத் திரையிலை வரையிற பகுதி) எழுதினது, உங்கட புரொஜெக்ற் யூஆர்பி எண்ட புது ரெண்டரரிலை ஓடுது. ஷேடர் (மேற்பரப்பை எப்பிடி வரையிறது எண்டு சொல்லுற நிரல்) விளங்காத இடத்தை யூனிற்றி ரோசாவாத்தான் காட்டும். விண்டோ, ரெண்டரிங், ரெண்டர் பைப்லைன் கொன்வேர்ட்டர் திறந்து, பில்ற்-இன் இலிருந்து யூஆர்பிக்கு எண்டதைத் தெரிவு செய்து, மெற்றீரியல் அப்கிரேட்டுக்குச் சரி போட்டு ஓட விடுங்கோ. ஓட விட முதல் புரொஜெக்ற்றைக் கொப்பி எடுத்து வையுங்கோ, திருப்பிப் பழையபடி ஆக்க ஏலாது. அசெற் செய்தவர் தானா எழுதின ஷேடர் எண்டால் கொன்வேர்ட்டருக்கும் பிடிபடாது. மெற்றீரியலைத் தெரிவு செய்து ஷேடர் இடத்திலை யூஆர்பி லிற் எண்டு கையாலை மாத்தி, படத்தைத் திருப்பி இழுத்துப் போடோணும்.

இன்னொண்டு. யூனிற்றி 6 இலை ரிஜிட்பொடியின்ர (பொருளை இயற்பியல் விதிப்படி அசைக்கிற பகுதி) 'வெலோசிற்றி' இப்ப 'லீனியர்வெலோசிற்றி', 'ட்ராக்' இப்ப 'லீனியர்டாம்பிங்'. வீடியோவிலை பழைய பேர் வந்தால் மனதிலை மாத்தி வாசியுங்கோ.

வீடியோ எந்த வேர்சன் எண்டு தலைப்பை நம்பாதேங்கோ. "2025 இற்குப் புதிது" எண்டு தலைப்புப் போட்டுப் பழைய வீடியோவைத் திருப்பி ஏத்திற ஆக்கள் கனக்க. அவையின்ர திரையிலை எடிற்றர் ஜன்னலின்ர மேல் பட்டையை நிப்பாட்டிப் பாருங்கோ, அங்க 2021.3 எண்டோ 2022.3 எண்டோ எழுதியிருக்கும். தொடர் நல்லதெண்டால் யூனிற்றி ஹப்பிலை ஆர்கைவுக்குப் போய் அதே வேர்சனை இறக்கிப் போட்டு அந்தத் தொடரை முடியுங்கோ. ஒரே கொம்பியூட்டரிலை ரெண்டு வேர்சன் பக்கத்திலை பக்கத்திலை இருக்கலாம். ஆனா 6 இலை திறந்து சேவ் பண்ணின புரொஜெக்ற்றைப் பழைய வேர்சனிலை திறக்கப் போகாதேங்கோ.

---

திருநெல்வேலி_அக்கா

சந்தி சொன்னது எல்லாம் சரி. ஆனா உந்த லப்டொப்பிலை யூனிற்றி 6 ஐ வச்சுக்கொண்டு மல்லுக்கட்டிறது வீண் வேலை. எஸ்எஸ்டி இல்லாமல் ஒவ்வொருக்கா ஸ்கிரிப்டை மாத்தி சேவ் பண்ணேக்கையும் கொம்பைல் (கோட்டைக் கணினிக்கு விளங்கிற மாதிரி மாத்திறது), டொமைன் றீலோட் (ஸ்கிரிப்டுகளைத் திருப்பி ஏத்திறது) எண்டு காத்திருக்கோணும். பழகிற ஆளுக்கு வேண்டியது "மாத்து, ஓட்டு, பார்" எண்ட சுற்று கெதியா நடக்கிறது. அது இழுபட்டால் பரீட்சித்துப் பார்க்கவே மனம் வராது, வீடியோவிலை இருக்கிறதையே அப்பிடியே அடிக்கத்தான் தோணும்.

2டி கிளித்தட்டுக்கு கோடோ போடுங்கோ, அதுவும் யூனிற்றி மாதிரி ஒரு கேம் எஞ்சின் (கேம் செய்யிற சொஃப்ட்வெயார்). முழு எடிற்றரும் 100 எம்பிக்குள்ளை வாற ஒரு சிப் ஃபைல். இன்ஸ்ரோல் எண்டு ஒண்டும் இல்லை, விரிச்சுப் போட்டு இரட்டைக் கிளிக். டொட்நெற் எண்டு போட்டிருக்கிறதை எடுக்காமல் சாதாரண வேர்சனை எடுங்கோ. ஏ/எல் ஐசிரியிலை பைதன் படிச்சிருந்தால் கோடோவின்ர மொழியான ஜிடிஸ்கிரிப்ட் பாதி தெரிஞ்ச மாதிரித்தான். உள்தள்ளல், இஃப், ஃபோர் எல்லாம் அதே சாயல்.

புதுப் புரொஜெக்ற் திறக்கேக்க ரெண்டரர் எது எண்டு மூண்டு தெரிவு வரும். 'கொம்பற்றிபிலிற்றி' எண்டதைத்தான் எடுக்கோணும். 'ஃபோர்வேட் பிளஸ்', 'மொபைல்' ரெண்டும் உங்களுக்குச் சரிவராது. அவைக்கு வல்கன் மாதிரிப் புது கிராஃபிக்ஸ் முறை வேணும், விண்டோஸிலை எச்டி 4000 க்கு வல்கன் ட்ரைவர் இல்லை. கொம்பற்றிபிலிற்றி ஓபன்ஜிஎல் 3.3 எண்ட பழைய முறையிலை ஓடும், அது உங்கட கிராஃபிக்ஸ் கார்டிலை இருக்கு. தெரியாமல் மற்றதைத் தெரிவு செய்துபோட்டு "கோடோ திறக்குதில்லை" எண்டு சொல்லுற ஆக்கள் நிறையப் பேர்.

கோடோவிலையும் அதே வேர்சன் பொறி இருக்கு, இன்னும் மோசமா. 4.0 வந்தது 2023 மார்ச்சிலை. அதுக்கு முந்தின வீடியோ அநேகமா கோடோ 3. ஒரு வீடியோவை ஒரு நிமிசத்திலை எடை போடுற விதம் இது:

- 'கைனமற்றிக்பொடி2டி' எண்டு சொன்னால் அது 3. நாலிலை 'கரக்ரர்பொடி2டி'.
- 'மூவ்_அண்ட்_ஸ்லைட்' இன்ர அடைப்புக்குள்ளை வெலோசிற்றியைப் போட்டால் 3. நாலிலை அடைப்பு வெறுமை. வெலோசிற்றி அந்த நோட்டோடையே (நோட் எண்டது கேமைக் கட்டிற ஒரு துண்டு) பிறந்தது, புதுசா 'வார்' போட்டு அறிவிச்சால் எரர் வரும்.
- 'எக்ஸ்போர்ட்', 'ஒன்ரெடி' க்கு முன்னாலை அற் குறி இல்லாட்டி 3.
- 'யீல்ட்' எண்டால் 3, 'அவெய்ற்' எண்டால் 4. 'இன்ஸ்ரன்ஸ்' எண்டால் 3, 'இன்ஸ்ரான்ஷியேற்' எண்டால் 4.
- 'ரைல்மாப்' (கட்டம் கட்டமாப் படம் அடுக்கிறது) எண்ட ஒரே நோட்டுக்குள்ளை பல லேயர் போட்டால் 4.3 க்கு முந்தினது. இப்ப ஒவ்வொரு லேயருக்கும் தனித்தனி 'ரைல்மாப்லேயர்' நோட்.

இதிலை ஏதாவது ஒண்டு கோடோ 3 பக்கம் நிண்டால் வீடியோவை மூடுங்கோ. மாத்தி மாத்தி அடிக்கலாம்தான், ஆனா அது தெரிஞ்ச ஆக்களின்ர வேலை.

---

பண்ணைப்_பாலம்

அக்காவோடு ஓர் இடத்தில் முரண்படுகிறேன். ஒரு தொடரில் முட்டினதும் எஞ்சினை மாற்று என்பது பலரைப் பாதியில் விட்ட ஆலோசனை. யூனிற்றியிலிருந்து கோடோ, கோடோவிலிருந்து அன்ரியல் என்று தாவித் தாவி, மூன்றிலும் "ஆளை நடக்க வைப்பது" மட்டும் தெரிந்தவர்கள் ஏராளம். யூனிற்றியின் மொழியான சி ஷார்ப் தெரிந்தால் அது வேறு வேலைகளுக்கும் கைகொடுக்கும். ஜிடிஸ்கிரிப்ட் கோடோவுக்கு வெளியே எங்கும் இல்லை.

இந்த லப்டொப்புக்கு யூனிற்றி பாரம் என்பது மெய்தான். மாற்ற விருப்பமில்லை என்றால் 2022.3 எல்ரிஎஸ் (நீண்டகால ஆதரவுக்காக வெளியான வேர்சன்) எடுத்து, 2டி பில்ற்-இன் ரெம்பிளேற்றில் தொடங்கலாம். புரொஜெக்ற் செற்றிங்ஸின் எடிற்றர் பகுதியில் பிளே மோட்டுக்குள் நுழையும்போது டொமைனை றீலோட் செய்யாதபடி வைத்தால் பிளே அழுத்தினதும் காத்திருப்பது நன்றாகக் குறையும். ஒரு விலை உண்டு: ஸ்ரற்றிக் மாறிகள் (முழுக் கேமுக்கும் பொதுவாக இருப்பவை) முந்தைய ஓட்டத்தின் பெறுமதியுடனேயே நிற்கும். ஸ்கோர் பூச்சியத்தில் தொடங்காமல் போன தடவை நின்ற இடத்தில் தொடங்கினால் காரணம் அதுதான். புரொஜெக்ற் ஃபோல்டரை வன்ட்ரைவுக்குள் வைக்க வேண்டாம். லைப்ரரி ஃபோல்டரில் ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்கள் மாறிக்கொண்டே இருக்கும், அது ஒவ்வொன்றையும் மேலே ஏற்ற முயலும். கொப்பி எடுத்து வைக்க அசெற்ஸ், பக்கேஜஸ், புரொஜெக்ற்செற்றிங்ஸ் என்ற மூன்று ஃபோல்டரும் போதும். லைப்ரரி தானாகத் திரும்ப உருவாகும்.

அன்ரியல் பக்கம் இந்த மெஷினோடு போகவே வேண்டாம்.

இனி நாலாவது கேள்வி. உண்மையான கேள்வி அதுதான், மற்ற மூன்றும் செற்றிங்ஸ்.

வீடியோவைப் பார்த்து அடிக்கும்போது தீர்மானம் எல்லாவற்றையும் வீடியோக்காரர் எடுக்கிறார். எந்த நோட், எந்தப் பெயர், எது முதலில், எது பிறகு. நீங்கள் பழகுவது தட்டச்சு. வெறும் புரொஜெக்ற்றில் கேட்கப்படுவது அந்தத் தீர்மானங்கள். அதைத்தான் ஒருநாளும் பழகவில்லையே, எப்படி வரும்?

ஆகவே பார்க்கும் விதத்தை மாற்றுங்கள். ஒரு பகுதியை, பத்துப் பதினைந்து நிமிடத் துண்டை, கீபோர்ட்டில் கை வைக்காமல் 1.5 வேகத்தில் முழுதாகப் பாருங்கள். மூடுங்கள். என்ன நடந்தது என்று கொப்பியில் தமிழில் நாலு வரி எழுதுங்கள்: "விசையை வாசி, திசையை எடு, வேகத்தால் பெருக்கு, நகர்த்து." அந்த நாலு வரியைப் பார்த்து நீங்களே செய்யுங்கள். முட்டும் இடத்தில் மட்டும் வீடியோவைத் திறந்து, அந்த இடத்தை மட்டும் பார்த்து, திரும்பவும் மூடுங்கள். இது மெதுவாகத்தான் போகும்.

துண்டு ஓடியதும் அடுத்த வீடியோவுக்குப் போகாமல் அதைக் குழப்புங்கள். வேகத்தை பத்து மடங்காக்கினால் சுவருக்குள்ளால் போகிறதா? டெல்ராவால் (ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரம்) பெருக்குவதை எடுத்துவிட்டால் என்ன ஆகிறது? பிறகு வீடியோவில் இல்லாத ஒரு விதியைச் சேருங்கள். எதிரியில் முட்டினால் சாவதற்குப் பதிலாக மூன்று செக்கன் உறைந்து நிற்க வேண்டும், அவ்வளவு போதும். அந்த மூன்று செக்கனைச் செய்ய ரைமர், நிலையைக் காட்டும் ஒரு மாறி, அதைச் சோதிக்கும் ஒரு இஃப், மூன்றையும் நீங்களே தேட வேண்டி வரும். அப்படித் தேடியது மறக்காது.

டேட்டா பற்றியும் ஒரு சொல். 360 இல் பார்த்தால் கோட் வாசிக்க முடியாமல் அடைப்புக்குறியும் கமாவும் பிழைத்துப்போகும், குறைந்தது 720 வேண்டும். அதற்கு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி போகும். கோடோ என்றால் அதன் முழு டொக்கியுமென்ரேஷனையும் இறக்கி வைத்து இணையம் இல்லாமலே வாசிக்கலாம். எடிற்றருக்குள் எஃப்1 அழுத்தினாலும் தேடலாம், கோட்டில் ஒரு பெயரின் மேல் கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு கிளிக் செய்தாலும் அதன் விளக்கம் திறக்கும். அதிலுள்ள "உங்கள் முதல் 2டி கேம்" பாடம் வேர்சனுக்கேற்பத் திருத்தப்படுகிறது. எந்த யூரியூப் தொடருக்கும் முன்னால் அதை ஒருமுறை செய்து முடியுங்கள்.

---

திருநெல்வேலி_அக்கா

பாலத்தாருக்கு: தாவித் தாவித் திரியிறது கூடாது எண்டது சரி. ஆனா அது ஆறு மாதம் ஒண்டிலை ஊறின ஆளுக்குச் சொல்லவேண்டிய புத்திமதி. இந்தப் பெடியன் இன்னும் வாசலிலை நிக்கிறார். வாசலிலை நிக்கேக்க வேற வாசல் பார்க்கலாம்.

---

கொக்குவில்_பெடியன்

எல்லாருக்கும் நன்றி. கோடோ 4 போட்டு, கொம்பற்றிபிலிற்றி எடுத்து, டொக்கியுமென்ரேஷனிலை இருந்த பாடத்தைச் செய்து முடிச்சிட்டன். உண்மையாவே உடன திறக்குது. இப்ப கிளித்தட்டைத் தொடங்கினன். ஓடுற ஆள் சரி. தட்டிலை நிக்கிற ஆக்களையும் கரக்ரர்பொடியாத்தான் போட்டன், அவை ஓடுற ஆளைத் துரத்திக்கொண்டு கோட்டை விட்டு வெளியிலை வந்திடுகினம். தொட்டாலும் "அவுட்" எண்டு வருகுதில்லை, ஒருத்தரை ஒருத்தர் தள்ளிக்கொண்டு நிக்கினம். கிளி (நடுக்கோட்டாலையும் ஓடக்கூடிய ஆள்) கோட்டிலை இருந்து கோட்டுக்கு மாறுறது எப்பிடி எண்டும் விளங்கேல்லை.

---

சுன்னாகச்_சந்தி

இதுக்கு வீடியோ கிடைக்காது எண்டதே நல்ல விசயம். கொஞ்சம் நீளமா எழுதுறன்.

முதலிலை மைதானம். கோடோ ஜன்னல் இயல்பா 1152 க்கு 648. நடுக்கோடு எக்ஸ் 576. இடது எல்லை 276, வலது எல்லை 876, அகலம் 600. குறுக்குக் கோடு அஞ்சு, வை 100 இலை தொடங்கி 110 இடைவெளியிலை: 100, 210, 320, 430, 540. வை கீழ்நோக்கித்தான் கூடும் எண்டதை மறக்காதேங்கோ. ஊருக்கு ஊர் தட்டின்ர எண்ணிக்கை வேற எண்டபடியா இந்த எண்களை ஸ்கிரிப்டின்ர மேலை ஒரே இடத்திலை வையுங்கோ, உள்ளுக்கை அங்கங்கை எழுதாதேங்கோ.

ஓடுற ஆள்: கரக்ரர்பொடி2டி, அதுக்குக் கீழை ஸ்ப்ரைற் (படம்), கொலிஷன்ஷேப் (முட்டுறதைக் கணிக்கிற வடிவம்), அது வட்டம், ஆரை 20. இன்ஸ்பெக்ரரிலை (நோட்டின்ர குணங்களைக் காட்டிற பட்டை) 'மோஷன் மோட்' எண்டது 'கிரவுண்டட்' எண்டு இருக்கும். அது நிலத்திலை நிண்டு குதிக்கிற கேமுக்கு. மேலையிருந்து பார்க்கிற கேமுக்கு 'ஃப்ளோற்றிங்'. 'கெற்_வெக்டர்' இலை நாலு திசையும் ஒருமிக்க எடுங்கோ. தனித்தனியா இஃப் போட்டால் மூலையாலை ஓடேக்க வேகம் 1.4 மடங்காகும், ஆக்கள் அதைக் கண்டுபிடிச்சு அதாலேயே ஓடுவினம். வேகம் 250.

தட்டுக்காரர்: இவையைக் கரக்ரர்பொடியாப் போட்டதுதான் தள்ளுப்படுறதுக்குக் காரணம். ரெண்டு பொடியும் ஒண்டையொண்டு மறிக்கும், தொட்டது எண்ட செய்தி தானா வராது. ஏரியா2டி ஆக்குங்கோ. ஏரியா ஆரையும் மறிக்காது, உள்ளுக்கை வந்தால் சொல்லும். அதின்ர 'பொடி_என்ரேர்ட்' சிக்னலை (நோட் அனுப்பிற செய்தி) ஸ்கிரிப்டோடை இணையுங்கோ, வந்த பொடி 'ஓடுறவர்' எண்ட குறூப்பிலை இருக்கோ எண்டு பார்த்து அவுட் சொல்லுங்கோ.

கோட்டை விட்டு வெளியிலை வராமல் இருக்க மறிக்கவே வேண்டாம். வையைத் தொடாதேங்கோ, அவ்வளவுதான். ஒவ்வொரு ஃபிசிக்ஸ் சுற்றிலையும் தட்டுக்காரரின்ர எக்ஸை மட்டும் ஓடுறவரின்ர எக்ஸை நோக்கி 'மூவ்_ரோவேட்' ஆலை நகர்த்துங்கோ, படி 'வேகம் பெருக்கல் டெல்ரா'. பேந்து 'கிளாம்ப்' ஆலை 276 க்கும் 876 க்கும் இடையிலை பூட்டுங்கோ. வையை மாத்திற வரியே ஸ்கிரிப்டிலை இல்லாட்டி அவர் எப்பிடி வெளியிலை வருவார்?

இங்கதான் கேமின்ர உயிர் இருக்கு. தட்டுக்காரரின்ர வேகம் 250 க்குக் கிட்டப் போனால் ஒருத்தரும் கடக்க ஏலாது, ஏனெண்டால் கணினிக்கு யோசிக்க நேரம் தேவையில்லை, நீங்கள் திரும்பின அதே கணத்திலை அதுவும் திரும்பும். வேகத்தைக் குறைச்சால் மட்டும் சோம்பேறி மாதிரி இருக்கும். வேகம் 200 அளவிலை விட்டுட்டு, இலக்கைத்தான் பிந்திப் பாக்கச் செய்யுங்கோ. 0.3 செக்கனுக்கு ஒருக்கா அடிக்கிற ரைமர் ஒண்டு, அது அடிக்கேக்க மட்டும் ஓடுறவரின்ர எக்ஸை ஒரு மாறியிலை எழுதி வைக்கட்டும், தட்டுக்காரர் அந்தப் பழைய இடத்துக்கே ஓடட்டும். இடப்பக்கம் காட்டிப்போட்டு வலப்பக்கத்தாலை பாயிற உச்சு அப்பத்தான் வேலை செய்யும். அஞ்சு பேருக்கும் ஒரே 0.3 வேண்டாம், 0.2 இலையிருந்து 0.45 வரைக்கும் ஆளுக்கொண்டு கொடுத்தால் ஒவ்வொரு தட்டும் வேற குணம்.

கிளி: அவருக்கு ரெண்டு நிலை வையுங்கோ, 'குறுக்காலை', 'நடுவாலை'. குறுக்காலை நிக்கேக்க எக்ஸ் மட்டும் மாறும், நடுவாலை நிக்கேக்க வை மட்டும் மாறும். நிலை மாறலாம் எண்டது சந்தியிலை மட்டும், எக்ஸ் 576 இலையும் வை ஒரு குறுக்குக் கோட்டிலையும் நிக்கேக்க. ஆனா "எக்ஸ் சமன் 576 ஓ" எண்டு கேட்டால் அநேகமா ஓம் எண்டு வராது, தசமம் பிசகும். 4 பிக்சலுக்குள்ளையோ எண்டு கேளுங்கோ, ஓம் எண்டால் எக்ஸைச் சரியா 576 ஆக்கிப்போட்டு நிலையை மாத்துங்கோ. ஃபிசிக்ஸ் செக்கனுக்கு 60 தரம் ஓடுது. வேகம் 200 எண்டால் ஒரு படி 3.3 பிக்சல், சந்தியின்ர ரெண்டு பக்கமும் சேர்த்து 8 பிக்சல் வாசல், தப்பாமல் பிடிபடும். கிளியைக் கெதியாக்கிறன் எண்டு 600 ஆக்கினால் ஒரு படி 10 பிக்சல். வாசலைத் தாண்டிக் குதிச்சிடும், சில வேளை திரும்பும், சில வேளை திரும்பாது, தலை வெடிக்கும். அந்த வேகம் வேணுமெண்டால் 'மூவ்_ரோவேட்' க்கு இலக்கா 576 ஐயே கொடுங்கோ, அது தாண்டாமல் சரியா அதிலை நிப்பாட்டும்.

'பொடி_என்ரேர்ட்' வராட்டி பார்க்கிற ஒழுங்கு: சீன் மரத்திலை (நோட்டுகளின்ர பட்டியல்) மஞ்சள் முக்கோணம் இருந்தால் கொலிஷன்ஷேப்புக்கு வடிவம் போடேல்லை. ஏரியாவின்ர மாஸ்க்கிலை ஓடுறவரின்ர லேயர் எண் சரி போட்டிருக்கோ பாருங்கோ, லேயர் எண்டது "நான் எங்க இருக்கிறன்", மாஸ்க் எண்டது "நான் ஆரைப் பாக்கிறன்". டிபக் மெனுவிலை 'விசிபிள் கொலிஷன் ஷேப்ஸ்' போட்டு ஓட்டினால் வட்டங்கள் கண்ணுக்குத் தெரியும், பாதி பிழை அதிலையே பிடிபடும்.

தட்டுக்காரரைத் தனி 'சீன்' (திருப்பித் திருப்பிப் பாவிக்கக்கூடிய நோட்டுத் தொகுதி) ஆச் செய்து அஞ்சு தரம் இறக்குங்கோ. நோட்டைக் கொப்பி பண்ணி அஞ்சாக்கினால், ஒண்டின்ர வட்டத்தைப் பெருப்பிக்க அஞ்சும் பெருக்கும், ஏனெண்டால் வடிவம் எண்ட ரிசோர்ஸ் பொதுவா ஒண்டுதான். வேற வேணுமெண்டால் அந்த வடிவத்திலை வலக்கிளிக், 'மேக் யுனீக்'. மற்றது, கொலிஷன்ஷேப்பை ஸ்கேல் பண்ணிப் பெருப்பிக்காதேங்கோ. ஆரையை மாத்துங்கோ.

---

கொக்குவில்_பெடியன்

ஏரியா ஆக்கினதும் அவுட் வந்திட்டுது! 0.3 செக்கன் வேலைதான் திறம், உண்மையாவே உச்சிப்போட்டு ஓடலாம். ஆனா இன்னொரு எரர்: ரைமர் அடிக்கேக்க 'நல்' எண்டும் 'குளோபல்_பொசிஷன்' எண்டும் ஏதோ வருது. மற்றது "அவுட்", "கிளி", "உப்பு" எண்டு தமிழிலை எழுத்து வரோணும். எடிற்றரிலை வருது, வெப்புக்கு எக்ஸ்போர்ட் பண்ணினால் பெட்டி பெட்டியா நிக்குது.

---

பண்ணைப்_பாலம்

'நல்' என்றால் அந்த மாறிக்குள் ஆளே இல்லை. ஓடுறவரைத் தட்டுக்காரரின் சீனுக்குள்ளிருந்து டொலர் குறியிட்ட பாதையால் தேடியிருப்பீர்கள். தனி சீனாக்கியதும் அந்தப் பாதை செத்துவிட்டது, ஏனென்றால் ஓடுறவர் இப்போது வேறு சீனில் இருக்கிறார். 'கெற்_ஃபேர்ஸ்ற்_நோட்_இன்_குறூப்' என்று 'ஓடுறவர்' குறூப்பால் 'ரெடி' இல் எடுங்கள். ஆள் அவுட்டாகி 'கியூ_ஃப்ரீ' ஆல் நீக்கப்பட்ட பிறகும் ரைமர் அடிக்கும், ஆகவே 'இஸ்_இன்ஸ்ரன்ஸ்_வலிட்' என்று, ஆள் இன்னும் இருக்கிறாரா என ஒரு சோதனை போட்டுவிட்டு எக்ஸைத் தொடுங்கள். எரர் வந்தால் சிவப்பு வரியை மட்டும் பார்க்காமல் கீழே ஸ்ராக் பட்டியலில் எந்த ஸ்கிரிப்ட், எத்தனையாவது வரி என்று பாருங்கள். அதை அப்படியே இங்கே போட்டால் பதில் சொல்வதும் சுலபம். 'ஏதோ வருது' என்பதற்கு எவராலும் பதில் சொல்ல முடியாது.

---

திருநெல்வேலி_அக்கா

தமிழ் எழுத்துக்கு: கோடோ கேமுக்கு இயல்பாக் குடுக்கிற எழுத்துருவிலை தமிழ் இல்லை. எடிற்றரிலை தெரியிறது விண்டோஸின்ர எழுத்துருவைக் கடன் வாங்கிறதாலை. பிரவுசருக்குள்ளை கடன் வாங்க ஆள் இல்லை, அதுதான் பெட்டி. 'நோற்றோ சான்ஸ் தமிழ்' எழுத்துரு இலவசம். ஃபைலைப் புரொஜெக்ற் ஃபோல்டருக்குள்ளை போட்டு, புரொஜெக்ற் செற்றிங்ஸ், ஜியூஐ, தீம், அதிலை 'கஸ்ரம் ஃபொன்ற்' இலை குடுங்கோ. எல்லா லேபலுக்கும் ஒரேயடியா வந்திடும். கொம்பு, கால் எல்லாம் கோடோ 4 ஒழுங்கா அடுக்கும்.

யூனிற்றியிலை இருந்திருந்தால் இதுவே ஒரு தலையிடி. அங்க வழக்கமாப் பாவிக்கிற ரெக்ஸ்ற்மெஷ்புரோ எழுத்துகளை யுனிகோட் வரிசையிலையே நிப்பாட்டும். "கொ" எண்டது கொம்பும் காலும் பிரிஞ்சு கானாவின்ர ரெண்டு பக்கமும் போகாமல் ஒரு பக்கத்திலை குவிஞ்சு நிக்கும். கன பேர் பாமினிக்கு மாத்தி ஒட்டித் தப்பிறவை. பாமினியிலை எழுத்து கண்ணுக்குத் தெரியிற வரிசையிலையே அடிக்கிறபடியா அடுக்க வேண்டிய வேலையே இல்லை. தலைப்புக்கும் பொத்தானுக்கும் அது ஓடும். விளையாடுறவர் தன்ர பேரைத் தமிழிலை அடிக்கிற பெட்டி ஒண்டு வைச்சீங்களோ, அதோடை முடிஞ்சுது.

இன்னும் ஒண்டு: வெப் எக்ஸ்போர்ட் பண்ணின 'இன்டெக்ஸ்' ஃபைலை இரட்டைக் கிளிக் பண்ணித் திறந்தால் ஓடாது, பிரவுசர் மறிக்கும். எடிற்றரின்ர மேல் வலப்பக்கத்திலை இருக்கிற ரிமோட் பொத்தானாலை ஓட்டிப் பாருங்கோ.

---

சுன்னாகச்_சந்தி

ஃபோனிலை போட்டுக் காட்டோணும் எண்டு அடுத்ததாக் கேப்பீங்கள், இப்பவே சொல்லுறன். அன்ட்ரொயிட்டுக்கு எக்ஸ்போர்ட் ரெம்பிளேற், ஓபன்ஜேடிகே 17, அன்ட்ரொயிட் எஸ்டிகே மூண்டும் வேணும். எல்லாம் சேர்ந்தால் ஜிபிக் கணக்கு, இரவு டேட்டாவிலை இறக்குங்கோ. எடிற்றர் செற்றிங்ஸிலை எக்ஸ்போர்ட், அன்ட்ரொயிட் பகுதியிலை ஜாவாக்கும் எஸ்டிகேக்கும் ஃபோல்டர் பாதை குடுக்கோணும். எக்ஸ்போர்ட் ஜன்னலின்ர அடியிலை ஈரிசி2 (ஃபோனுக்கான படச் சுருக்க முறை) எண்டு சிவப்பா எழுதியிருந்தால் பயப்பிடாதேங்கோ, பக்கத்திலையே 'ஃபிக்ஸ்' எண்டு ஒரு பொத்தான் நிக்கும்.

ஆனா அதுக்கு முதல் ஃபோனிலை அம்புக்குறி விசை இல்லை எண்டதை யோசியுங்கோ. விரலாலை இழுத்து ஓடுறதோ, திரையிலை ஒரு வட்டத்தைப் பிடிக்கிறதோ எண்டு தீர்மானிச்சு எழுதுங்கோ, அதிலை முட்டினால் வேற ஒரு இழை திறந்து கேளுங்கோ. இது நீண்டுபோச்சு.